சென் லோரன்ஸ் ஆற்றில் மஸ்கி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கைப்பேசியில் ஒரு மஸ்கி மீனின் படம் இருக்கிறது. கலியாண வீட்டில் யாராவது அதைக் கண்டுவிட்டால் அடுத்த அரை மணித்தியாலத்துக்கு என் சோறு ஆறிப்போகும். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதிவைத்துவிட்டேன். இனி யாரும் கேட்டால் இதை அனுப்பிவிட்டு நான் சாப்பிடப் போகிறேன்.

நான் போவது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், கிங்ஸ்ரனிலிருந்து கனனோக்வே தாண்டி புரொக்வில் வரைக்குமான ஆயிரம் தீவுகள் பகுதி. சொல்வதெல்லாம் அந்தத் தண்ணீரை வைத்துத்தான். ஒட்டாவா ஆறு போன்ற வேறு பெரிய ஆறுகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

மஸ்கி எண்டா பைக்தானே? பெரிய பைக்கைத்தான் மஸ்கி எண்டு சொல்லுறாங்களோ?

இல்லை. பைக்கும் (pike) ஒரு மீன்தான். இரண்டும் ஒரே குடும்பம், வேறு வேறு மீன். அந்தக் குடும்பத்தில் ஆகப் பெரியது மஸ்கிதான். ஊரில் சீலா மீன் பார்த்தவர்களுக்கு உருவத்தை விளக்கத் தேவையில்லை: நீண்ட உடல், நீட்டிய வாய், ஊசி ஊசியாகப் பல். குணம் மட்டும் விராலைப் போல. பாசிக்குள் அசையாமல் நின்று, நேரம் பார்த்து ஒரே பாய்ச்சல்.

வேறுபாடு பார்ப்பது லேசு. பைக்கின் கருமையான உடம்பில் வெளிர் புள்ளிகள் இருக்கும். மஸ்கியின் வெளிர் உடம்பில் கரும் புள்ளியோ கோடோ இருக்கும், சிலதில் ஒன்றுமே இராது. சந்தேகம் என்றால் கீழ்த்தாடையின் அடியில் உள்ள சின்னத் துளைகளை எண்ணுங்கள். பைக்குக்கு ஒரு பக்கத்தில் 5 அல்லது அதற்கும் குறைவு, மஸ்கிக்கு 6 முதல் 9 வரை. வால் நுனியும் பைக்குக்கு உருண்டை, மஸ்கிக்குக் கூர். இதைப் பழகாமல் ஆற்றில் இறங்காதீர்கள். இரண்டுக்கும் சட்டம் வேறு.

ரொறன்ரோவில இருந்து அவ்வளவு தூரம் போகவேணுமோ? கிட்ட ஒண்டும் இல்லையோ?

கிட்டவும் உண்டு. கவார்த்தா ஏரிகளில் மஸ்கி எண்ணிக்கையில் அதிகம், சிம்கோ ஏரியிலும் இருக்கிறது. முதல் மீன் வேண்டும் என்பவருக்கு நான் கவார்த்தாவைத்தான் சொல்வேன். அங்கே 30, 36 அங்குல மீன் ஒன்று கிடைத்தால் கை பழகிவிடும்.

சென் லோரன்ஸுக்குப் போவது எண்ணிக்கைக்காக அல்ல, அளவுக்காக. 50 அங்குலத்தைத் தாண்டிய மீன் அங்கே கதை அல்ல, நடக்கிற விஷயம். 401 நெடுஞ்சாலையில் இரண்டரை, மூன்று மணித்தியாலம். அதிகாலையில் வெளிக்கிட்டால் விடியும்போது படகுத்துறையில் நிற்கலாம்.

லைசன்ஸ், சீசன் எல்லாம் எப்படி?

ஒன்ராறியோவில் வசிக்கும் 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம். இரண்டு வகை உண்டு: விளையாட்டு வகை, பாதுகாப்பு வகை. பாதுகாப்பு வகை எடுத்தால் இந்த ஆற்றில் ஒரு மஸ்கியைக்கூட வைத்திருக்க முடியாது, பிடித்துத் திரும்ப ஆற்றில் விடலாம். விட்டுவிடத்தான் போகிறீர்கள் என்றால் அதுவே போதும்.

இந்தப் பகுதியில் சீசன் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை திறந்து டிசம்பர் 15இல் மூடும். வைத்திருக்க வேண்டுமானால் மீன் 54 அங்குலத்தை, அதாவது 137 செண்டிமீற்றரைத் தாண்டியிருக்க வேண்டும். எதிர்க்கரை நியூயோர்க் மாநிலத்திலும் குறைந்தபட்ச அளவு 54 அங்குலம்தான். விதிகள் மாறும், ஆகவே ஒவ்வொரு வருடமும் மாகாண அரசின் மீன்பிடி விதித்தொகுப்பைத் திறந்து பாருங்கள். சீசன் திறக்க முன்னர் பைக் பிடிக்கிறேன் என்று மஸ்கி முட்டையிடும் குடாவுக்குள் பெரிய லூர் (போலி இரை) எறிவதும் சரியான வேலை அல்ல.

எல்லைக்கோடு தீவுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. எந்தப் பக்கத் தண்ணீரில் தூண்டில் இருக்கிறதோ அந்தப் பக்கத்து அனுமதி வேண்டும். படகிலுள்ள வரைபடக் கருவியில் எல்லைக்கோட்டைத் தெரியவைத்துவிட்டு ஓடுங்கள்.

54 அங்குலமா? அப்படி ஒரு மீன் இருக்குமோ? ஏன் அவ்வளவு பெரிய அளவு வைச்சவங்கள்?

இருக்கிறது. பெண் மீன்தான் அந்த அளவுக்கு வரும், ஆண் சிறியது. அளவை இவ்வளவு உயர்த்தியதன் பின்னால் ஒரு எலும்பு இருக்கிறது. செவுளுக்குப் பின்னால், நமக்குத் தோள்பட்டை இருக்கும் இடத்தில், மஸ்கிக்குக் கொடுவாள் போல வளைந்த எலும்பு ஒன்று உண்டு. மரத்தின் வளையம்போல அதில் வயது பதிந்திருக்கும். பாடம்செய்த மீன்களின் அந்த எலும்புகளைச் சேகரித்து ரொறன்ரோவிலுள்ள றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். ஜோன் காசல்மன், எட்வின் குரொஸ்மன் ஆகியோர் நடத்திய வேலை அது. எந்தத் தண்ணீரில் மீன் எவ்வளவு வளரக்கூடும் என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். சென் லோரன்ஸ் மீன் மிகப் பெரிதாக வளரும் வகை என்று தெரிந்ததும், பல தடவை முட்டையிட இடம் கொடுக்கும் விதமாக அளவைப் படிப்படியாக உயர்த்தினார்கள்.

முப்பது வயது வரை வாழக்கூடிய மீன் இது. நீங்கள் பிடிக்கும் பெரிய மீனுக்கு உங்கள் மூத்த பிள்ளையின் வயது இருக்கலாம்.

உலக சாதனை மீன் இந்த ஆற்றிலதானே பிடிச்சது?

ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. 1957இல் ஆர்தர் லோட்டன் என்பவர் இங்கே 69 இறாத்தல் 15 அவுன்ஸ் மஸ்கி பிடித்ததாகப் பதிவு. 1992இல் படத்தை அளந்து பார்த்து அந்த அளவு இருக்க வாய்ப்பில்லை என்று நீக்கிவிட்டார்கள். மஸ்கி உலகத்தில் பழைய சாதனைகள் பலவற்றில் இந்த மாதிரிச் சண்டை உண்டு. ஒன்ராறியோவின் சாதனை 1988இல் கென் ஓ'பிரையன் ஜோர்ஜியன் குடாவில் பிடித்த 65 இறாத்தல் மீன். ஆற்று மீன் அல்ல.

என்ன தடி, என்ன றீல், என்ன தங்கூசி? என்னட்ட இருக்கிற பாஸ் மீன் தடி போதாதோ?

போதாது. தடி முறிவது பெரிய நட்டமல்ல. மெல்லிய சாமானில் மீனை நீண்ட நேரம் இழுக்கடித்தால் அது களைத்துச் செத்துப்போகும். எட்டரை, ஒன்பது அடி கனத்த தடி, அதற்கேற்ற உருளை றீல், 80 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல். தங்கூசி வேண்டாம், அது இழுபடும், தூரத்தில் கொக்கி ஏறாது.

நூலுக்கும் லூருக்கும் நடுவே லீடர் கட்டாயம். கம்பியாக இருக்கலாம், 130 இறாத்தல் தாங்கும் ஃபுளோரோகாபன் இழையாக இருக்கலாம். வெறும் பின்னல் நூலை அந்தப் பல் ஒரு கடியில் அறுத்துவிடும், மீன் வாயில் கொக்கியோடு போகும். எறிவதற்கு ஒரு அடி லீடர் போதும். ட்ரோலிங்குக்கு (ஓடும் படகின் பின்னால் லூரை இழுப்பது) மூன்று நான்கு அடி வேண்டும், மீன் நூலில் சுற்றிக்கொள்ளும்.

இவ்வளவும் வாங்கக் காசு போதாவிட்டால் லூரைக் குறையுங்கள். வலையையும் கொக்கி கழற்றும் குறட்டையும் குறைக்காதீர்கள். ஏன் என்று கீழே, மீனை விடும் கேள்வியில் சொல்கிறேன்.

எந்த லூர் நல்லது? நிறம் முக்கியமோ?

நாலு வகை இருந்தால் ஒரு சீசன் ஓடும். இரட்டைத் தகடு சுழலும் பெரிய பக்டெய்ல் ஒன்று. இழுத்து விட்டு இழுத்து விட்டு ஓட்டும் பெரிய ரப்பர் லூர் ஒன்று, புல்டாக் மாதிரி. தண்ணீரின் மேல் சத்தம்போட்டு வருவது ஒன்று. ட்ரோலிங்குக்கு எட்டு முதல் பத்து அங்குலத்தில் பிலீவர் மாதிரியான கட்டை லூர் ஒன்றிரண்டு.

நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு மதம். என் அனுபவத்தில் ஆழமும் வேகமும் சரியாக இருந்தால் நிறம் மூன்றாவது. இந்த ஆற்றுத் தண்ணீர் மிகத் தெளிவு. சீப்ரா சிப்பி வந்து தண்ணீரை வடிகட்டியதிலிருந்து அப்படித்தான். அதனால் வெயிலில் பேர்ச் மீனின் நிறம், வெள்ளி நிறம். மப்பிலும் இருட்டிலும் கறுப்பு. இவ்வளவோடு நிறக் கதையை நிறுத்திக்கொள்வேன்.

இவ்வளவு பெரிய ஆறு, எங்க எண்டு தேடுறது?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி, கடைசியாகத்தான் கேட்பார்கள். கோர்ன்வால் அருகே இந்த ஆற்றில் ஓடும் தண்ணீர் விநாடிக்குச் சுமார் 7,000 கன மீற்றர். நடுவே கப்பல் வாய்க்கால். இதை முழுக்கத் தேட வெளிக்கிட்டால் பெற்றோல்தான் முடியும். ஆற்றைச் சின்னதாக்குங்கள். நாலைந்து கிலோமீற்றர் நீளத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு சீசன் முழுக்க அதற்குள்ளேயே கிடவுங்கள். மீன் பிடிபடாத நாளிலும் பாசி எங்கே முடிகிறது, பாறை எங்கே எழும்புகிறது, காற்று மாறினால் நீரோட்டம் எப்படி இழுக்கிறது என்று படிக்கலாம்.

அந்தத் துண்டுக்குள் பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது பாசியின் வெளி விளிம்பு. தண்ணீர் தெளிந்துவிட்டதால் பாசி இப்போது 15, 20 அடி ஆழத்திலும் முளைக்கிறது. கரையோரப் பாசியைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஆழம் காட்டும் கருவியின் திரையில் பாசி நின்று தரை சட்டென்று இறங்கும் கோட்டைத் தேடுங்கள். அந்தக் கோடு நேராகப் போகாமல் உள்ளே வளையும் இடம், அல்லது மூக்குப்போல் வெளியே நீளும் இடம், அங்கே நிறுத்துங்கள்.

இரண்டாவது நீரோட்டம் உடையும் இடம். தீவின் மேல்முனையில் ஓட்டம் மோதி இரண்டாகப் பிரிகிறது. மோதும் இடத்துக்குச் சற்று முன்னால் தண்ணீர் ஒரு மெத்தைபோல நின்றுவிடும். அதில் மஸ்கி பாடுபடாமல் நின்றுகொண்டு, வருகிற மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும். தீவின் கீழ்முனையில் ஓட்டம் திரும்பிச் சுழல்கிற இடமும் அப்படித்தான். வேகமான தண்ணீரும் மந்தமான தண்ணீரும் உரசும் கோடு மேலே தெரியும்: ஒரு பக்கம் சுருக்கம், மறுபக்கம் எண்ணெய் பூசியது மாதிரி. நுரையும் பாசித்துண்டும் அந்தக் கோட்டில் வரிசையாகப் போகும். லூரை வேகமான பக்கம் எறிந்து மந்தமான பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது இரை. திரையில் மீன் கூட்டம் இல்லாத அழகான இடத்தைவிட, கூட்டம் நிற்கும் அசிங்கமான இடம் மேல்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் கடைசி, ஜூலை: முட்டையிட்ட குடாக்களின் வாசலிலும் அதற்கு அடுத்த பாசி விளிம்பிலும். சின்ன லூர் போதும். இந்த மீன் வருடா வருடம் அதே குடாவுக்கே முட்டையிட வரும் பழக்கம் உள்ளது. மற்ற மாதங்களில் நெடுந்தூரம் அலையும்.

ஓகஸ்ட்: எறிவதற்கு நல்ல காலம், இரவிலும் கிடைக்கும், ஆனால் வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் 27 பாகை செல்சியஸைத் தொட்டால் மீனைப் பிடித்து விட்டாலும் பிழைப்பது சந்தேகம். நான் 25இலேயே நிறுத்திவிடுவேன். பெரிய வாய்க்கால் அவ்வளவு சூடாவது அரிது, ஒதுக்குக் குடாக்கள் ஆகும்.

ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை: பெரிய மீனுக்கான காலம். பாசி சாகும், இரை மீன் ஆழத்துக்கு இறங்கும், பெண் மஸ்கி முட்டை வளர்க்கத் தின்னும். அப்போதுதான் ட்ரோலிங் கும்பல் இறங்குகிறது. கையில் உணர்ச்சி இருக்காது, அது வேறு கதை.

எறியிறதோ, ட்ரோலிங்கோ?

ஆறு பெரிதென்றால் ட்ரோலிங் அதிகத் தண்ணீரை மூடும். இடம் தெரிந்துவிட்டால் எறிவது இன்பம். இலையுதிர் காலத்தில் நான் ட்ரோலிங் மட்டும்தான்.

வேகம் மணிக்கு 3 முதல் 5 மைல். வெப்பத்தில் அதிகம், குளிரில் குறைவு. ஓட்டத்தோடு போகும்போது கருவி காட்டும் வேகத்தை நம்பாதீர்கள், அது நிலத்துக்கான வேகம். தடி நுனியைப் பாருங்கள். லூர் ஒழுங்காக ஓடினால் நுனி தையல் மெஷின் மாதிரித் துடிக்கும். துடிப்பு நின்றால் கொக்கியில் பாசி ஏறிவிட்டது, உடனே இழுத்துத் துப்பரவாக்குங்கள். பாசி தொங்கும் லூரை அரை மணித்தியாலம் இழுத்துக்கொண்டு திரிந்த நாள்கள் எனக்கும் உண்டு.

நேர்கோட்டில் ஓட்டாதீர்கள். படகு வளையும்போது உள்பக்கத்து லூர் மெதுவாகும், வெளிப்பக்கத்தது வேகமாகும். அடி விழுவது பெரும்பாலும் அந்த வளைவில்தான். எந்தத் தடியில் விழுந்தது என்று பார்த்தால் அன்றைக்கு மீனுக்கு வேகம் வேண்டுமா, மெதுவு வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

படகு இல்லை, கரையில நிண்டு பிடிக்கேலாதோ?

ஏலும், கடினம். ஆழம் கரைக்குக் கிட்ட வரும் துறைமுனைகளில் இலையுதிர் கால அந்தி நேரம் முயலலாம். ஆனால் நீண்ட பிடியுள்ள வலையும் கூட ஒரு ஆளும் இல்லாமல் வேண்டாம். கற்கரையில் இழுத்துப் போட்ட மஸ்கி அநேகமாகத் தப்பாது.

மீன் லூருக்குப் பின்னால வருது, கடிக்காமப் போகுது. என்ன செய்யிறது?

எட்டுப் போடுங்கள். ஒவ்வொரு எறிதலின் கடைசியிலும், மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். லீடர் அளவு நூலை மட்டும் வெளியே விட்டு, தடியின் நுனியைத் தண்ணீருக்குள் முழங்கை வரை இறக்கி, படகோரமாக எட்டு வடிவில் லூரை ஓட்ட வேண்டும். பெயர்தான் எட்டு, நடைமுறையில் அகலமான முட்டை வடிவம் நல்லது. நாலடி மீன் சின்ன வளைவில் திரும்பாது. வளைவின் வெளிப்பக்கம் வரும்போது கொஞ்சம் ஆழத்துக்கு இறக்கி, சற்று வேகம் கொடுத்து, திரும்பி மேலே. மீன் வாயைத் திறப்பது அந்த இடத்தில்தான்.

இதைச் சொல்வது லேசு. என் முதல் பெரிய மீனை நான் இழந்தது இங்கேதான். பின்னேரம், பக்டெய்லை இழுத்து முடித்துத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டேன். அடியில் ஒரு நிழல், முதலில் மரத்துண்டு என்று நினைத்தேன். செவுள் திறந்து மூடியது. என் முழங்காலிலிருந்து மூன்றடி தூரத்தில் ஒரு பெரிய தலை, லூர் எங்கே போனது என்று பார்த்துக்கொண்டு நின்றது. நான் தடியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். ஒரு வால் அசைவு கூட இல்லாமல் அப்படியே கீழே அமிழ்ந்து போனது.

மீன் கடிக்காமல் போனால் இடத்தைக் குறித்துக்கொண்டு விலகுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து, வெளிச்சம் குறையும்போது வேறு வகை லூரோடு திரும்பி வாருங்கள். அதே மீன் அங்கேயே நிற்கும் வாய்ப்பு நிறைய.

சந்திரன், காற்று, அமுக்கம் எல்லாம் பார்க்கவேணுமோ?

சந்திரன் உதிக்கும், மறையும் நேரத்தை அநேகம் பேர் நம்புகிறார்கள். நானும் அந்த நேரத்தில் நல்ல இடத்தில் நிற்கப் பார்ப்பேன், செலவில்லாத நம்பிக்கை. அதைவிட எனக்கு நிச்சயமானது வானிலை மாறும் நேரம். இடி வருமுன் மப்புப் போட்டுக் காற்று எழும்புகிற ஒரு மணித்தியாலம் அபாரம். மின்னல் தெரிந்தால் கரைக்கு வந்துவிடுங்கள், ஒன்பது அடித் தடி கையில் இருக்கிறது.

பத்தாயிரம் தரம் எறிஞ்சாத்தான் ஒரு மஸ்கி எண்டு சொல்லுறது உண்மையோ?

சொல்வழக்கு, கணக்கு அல்ல. சரியான இடமும் காலமும் தெரிந்தால் அவ்வளவு வேண்டாம். ஆனால் இந்த ஆற்றில் மூன்று நாள் முழுதாக வெறுங்கையோடு திரும்புவது சாதாரணம். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறீர்களா? பேர்ச் பிடிக்கும் சின்னத் தடி ஒன்றையும் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

மீன் வந்திட்டுது. இனி எப்படி விடுறது?

இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் முதல் எறிதலே எறியக்கூடாது. படகில் இருக்க வேண்டியவை: ரப்பர் பூசிய பெரிய ஆழ வலை, நீண்ட மூக்குக் குறடு, கொக்கியைக் கத்தரிக்கும் பலமான வெட்டுக்குறடு, வாய் விரிக்கும் கருவி, கையுறை. வெட்டுக்குறடு கைக்கெட்டும் இடத்தில், பெட்டிக்குள் அல்ல.

மீன் வலைக்குள் வந்ததும் வலையைத் தூக்காதீர்கள். தண்ணீருக்குள்ளேயே வையுங்கள், அதுவே தொட்டி. அங்கேயே கொக்கியை எடுங்கள். இரண்டு முயற்சியில் வராவிட்டால் யோசிக்காமல் வெட்டுங்கள். கொக்கி மலிவு, மீன் இருபது வருடம். எல்லாம் கழன்ற பிறகு மீன் வலைக்குள் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். அந்த நேரத்தில் படம் எடுப்பவர் கமெராவைத் தயாராக்கட்டும், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்கட்டும்.

பிறகு ஒரு கையை ஈரமாக்கி வயிற்றடியில், மறுகை விரல்களைச் செவுள் மூடியின் உள்விளிம்போடு, சிவந்த செவுளைத் தொடாமல். கிடையாகத் தூக்க வேண்டும். தாடையில் தொங்கவிட்டுத் தூக்கும் பழைய படங்களைப் பார்த்துச் செய்யாதீர்கள், அந்த எடை உள்ளுறுப்பையும் கழுத்தையும் இழுக்கும். ஐந்து எண்ணும்வரை படம், திரும்பத் தண்ணீர். வாலடியைப் பிடித்து நிமிர்த்தி, தலை நீரோட்டத்தைப் பார்க்க வைத்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். தானே கையை உதறிக்கொண்டு போகும்.

எங்கள் படகில் ஒருமுறை வெட்டுக்குறடு பெட்டியின் அடியில் கிடந்தது, படத்துக்கும் ஆசைப்பட்டோம். அந்த மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு நவம்பர்த் தண்ணீரில் நாற்பது நிமிடம் குந்தியிருந்தேன். போனது. ஆனால் போன விதம் எனக்குத் திருப்தி இல்லை.

செவுளில ரத்தம் வந்தா கோக் ஊத்தினா நிக்குமாமே?

நிற்காது. பைக் மீன்களில் இதை ஆய்வாகவே செய்து பார்த்தார்கள், சோடா வகைகள் ஊற்றியதால் எந்தப் பயனும் தெரியவில்லை. கொக்கியை வெளிப்பக்கத்திலிருந்து செவுள் மூடி வழியாக வெட்டி எடுத்து, தண்ணீரிலேயே வைத்திருந்து விடுவதுதான் நல்லது. கோக்கை நீங்கள் குடியுங்கள்.

எடை எப்படித் தெரியும்? தூக்கி நிறுக்கவேணாமோ?

நிறுக்க வேண்டாம். நீளத்தையும், உடம்பின் ஆகப் பெருத்த இடத்தின் சுற்றளவையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுத்தால் இறாத்தல் கணக்கில் எடை. 50 அங்குல நீளம், 22 அங்குலச் சுற்றளவு என்றால் 30 இறாத்தலுக்குச் சற்று மேல். மிதக்கும் அளவுகோல் ஒன்று இருந்தால் நீளத்தை வலைக்குள்ளேயே எடுக்கலாம். அவசரம் என்றால் சுற்றளவை விடுங்கள்.

சுவரில் மாட்ட ஆசையா? அளவும் படமும் கொடுத்தால் ஃபைபர் கிளாஸில் அசல் மாதிரியே செய்து தருவார்கள். மீன் சாகத் தேவையில்லை.

உயிர் மீனை இரையாப் போட்டா லேசில்லையோ?

கடிக்கும், ஆனால் விழுங்கிவிட்டால் கொக்கி வயிற்றுக்குள். உடனே இழுத்துக் கொக்கியேற்றும் விசேட அமைப்பு இல்லாமல் செய்யவே கூடாது. இன்னொரு காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. மிஞ்சிய இரை மீனை, அது வந்த வாளித் தண்ணீரை, ஆற்றில் ஊற்றுவது சட்டப்படியும் குற்றம்.

முந்தி நிறைய மீன் இருந்ததாம், இப்ப ஏன் குறைவு?

2005ஆம் ஆண்டு தொடங்கி சில வசந்த காலங்களில் இந்த ஆற்றில் பெரிய மஸ்கிகள் செத்து மிதந்தன. காரணம் விஎச்எஸ் எனப்படும் வைரஸ் நோய், உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகும். முட்டையிடும் பருவத்துப் பெரிய மீன்களே அதிகம் போயின. மஸ்கி பிந்தித்தான் பருவத்துக்கு வரும் மீன், ஆகவே இழந்ததை நிரப்பப் பல வருடம் எடுக்கும்.

அதே காலத்தில் வட்ட கோபி என்ற சின்ன மீனும் பெருகியது. கருங்கடல், காஸ்பியன் பக்கத்திலிருந்து கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரில் வந்து பேரேரிகளில் இறங்கியது. முட்டைகளைத் தின்னும், அந்த நோயையும் காவும். நியூயோர்க் கரையில் கிளேட்டன் அருகே உள்ள ஆயிரம் தீவுகள் உயிரியல் நிலையம் ஒவ்வொரு வருடமும் குடாக்களில் வலை இழுத்து மஸ்கிக் குஞ்சுகளை எண்ணுகிறது. மேலே, மீனை விடும் கேள்விக்கு அவ்வளவு நீளமாக எழுதியது இதனால்தான்.

எல்லாம் சரி, பிடிச்சாக் குழம்பு வைக்கேலாதோ?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் மாமிமார் கேட்பார்கள். சட்டம் 54 அங்குலத்துக்கு மேல் ஒன்றை அனுமதிக்கிறது. ஆனால் அந்த அளவு மீன் இருபது வருடமாக மற்ற மீன்களைத் தின்று தசையில் பாதரசம் சேர்த்திருக்கும். எந்த ஆற்றில் எந்த மீனை, எந்த அளவில், எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ அரசு வழிகாட்டியே வைத்திருக்கிறது, அதைப் பாருங்கள். குழம்புக்கு அதே ஆற்றுப் பேர்ச் இருக்கிறது. முள் குறைவு, புளிக்கு நன்றாக நிற்கும், பொரித்தால் இன்னும் மேல்.

நவம்பரில போகப் பயமா இருக்கு, பாதுகாப்பு எப்படி?

பயம் நல்லது. அந்தத் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களில் கைவிரல் மடங்காது, நீச்சல் தெரிந்தும் பயனில்லை. உயிர்காப்பு அங்கியைப் போட்டிருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் வைத்திருக்கக் கூடாது. மிதக்கும் குளிர் உடுப்பு வாங்க முடிந்தால் லூருக்கு முன் அதை வாங்குங்கள். மாற்று உடுப்பு ஒன்று தண்ணீர் புகாத பையில்.

கப்பல் வாய்க்காலில் நிற்காதீர்கள். பெரிய கப்பல் சத்தமில்லாமல் வரும், உங்களுக்காக விலக முடியாது. அது போன பிறகு வரும் அலை ஒடுங்கிய இடத்தில் இரண்டு கரையிலும் மோதித் திரும்பும், அதை முகப்பால் வெட்டிப் போங்கள்.

சரி, நீங்கள் பிடிக்கிற இடத்தைச் சொல்லுங்கோவன்.

மச்சான் என் படகில் ஆறு தரம் வந்திருக்கிறார். அந்த ஆறு தரமும் கருவியின் திரையில் ஒரு துவாய் போட்டு மூடியிருந்தேன். இவ்வளவும் வாசித்தவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒரு தீவின் மேல்முனை, 18 அடியில் பாசி முடிகிறது, தென்மேற்குக் காற்று நேராக வந்து மோதும். அந்த மாதிரி முனைகள் ஆயிரம் தீவுகளில் எத்தனை என்று கேட்டால், பெயரிலேயே இருக்கிறது.